மிஸ்டேக்கை 'டூ' செய்ய முடியாதது ஏன்? ஆங்கில வினைகள் ஜோடி சேரும் விதம்

வங்கித் தேர்வுகளிலும் மற்ற போட்டித் தேர்வுகளிலும் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஒரு பகுதி உண்டு. அதில் 'ஹீ டிட் எ மிஸ்டேக்' போன்ற வாக்கியம் வந்தால் பலர் திணறிவிடுகிறார்கள். எழுவாய் சரி, காலம் சரி, செயப்படுபொருளும் இருக்கிறது, பொருளும் புரிகிறது. ஆனாலும் விடைத்தாளில் 'மேட் எ மிஸ்டேக்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். காரணம் கேட்டால், "ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள், மனப்பாடம் பண்ணிக்கொள்" என்பார்கள். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மனப்பாடம் தேவைதான், ஆனால் எதை, எந்தப் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்வது என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

அடிப்படை: சொற்சேர்க்கை என்றால் என்ன?

தமிழில் மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது, மின்னல் வெட்டுகிறது. வெயில் பெய்வதில்லை, மின்னல் வீசுவதில்லை. 'வெயில் பெய்கிறது' என்று யாராவது சொன்னால் நமக்குப் புரியும், இலக்கணப் பிழை என்றும் சொல்ல முடியாது. ஆனால் சொன்னவர் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். இப்படிக் குறிப்பிட்ட சொல் குறிப்பிட்ட சொல்லோடு மட்டும் பழகுவதைத்தான் சொற்சேர்க்கை என்கிறோம். ஆங்கிலத்தில் 'கொலோகேஷன்'.

இந்தச் சொல்லை மொழியியலில் நிலைநிறுத்தியவர் ஜே. ஆர். ஃபர்த். லண்டனில் பேராசிரியர் ஆவதற்கு முன்பு, 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். ஒரு சொல் யார் யாரோடு சேர்ந்து திரிகிறது என்று பார்த்தாலே அது எப்படிப்பட்ட சொல் என்று தெரிந்துவிடும் என்பது 1957ல் அவர் சொன்ன கருத்தின் சாரம்.

சேர்க்கை எல்லாம் ஒரே அளவுக்கு இறுகியது இல்லை. 'பை' என்ற வினையோடு விலை கொடுத்து வாங்கக்கூடிய எந்தப் பொருளையும் சேர்க்கலாம், அது முழுச் சுதந்திரம். 'கிக் தி பக்கெட்' என்றால் செத்துப்போவது, அதில் எந்தச் சொல்லையும் மாற்ற முடியாது. நம்மைக் குழப்புவது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பெரிய கூட்டம். பொருள் வெளிப்படையாகத் தெரியும், ஆனால் வினையை மட்டும் நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

எடையில்லாத வினைகள்

மேக், டூ, ஹேவ், டேக், கிவ், கெட் என்று ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் வினைகள் இந்த நடுக் கூட்டத்தில்தான் நிற்கின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இவற்றுக்கு 'லைட் வெர்ப்' என்று பெயர் வைத்தார். எடையில்லாத வினை என்று சொல்லலாம்.

'மேக் எ டெசிஷன்' என்பதில் முடிவெடுக்கும் செயல் முழுக்க 'டெசிஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'மேக்' செய்யும் வேலை காலம் காட்டுவதுதான்: மேட், மேக்ஸ், வில் மேக். தமிழ்நாட்டுப் பேச்சில் இதற்குச் சரியான இணை 'பண்ணு'. ஃபோன் பண்ணினேன், அட்ஜஸ்ட் பண்ணினாள், கேன்சல் பண்ணிட்டாங்க. சேதி முன்னால் நிற்கும் சொல்லில் இருக்கிறது, 'பண்ணு' காலத்தையும் ஆளையும் மட்டும் சுமக்கிறது.

அதனால் வினையைப் பெயர்ச்சொல்தான் தேர்ந்தெடுக்கிறது. 'மேக்' என்ற வினைக்கு என்ன பொருள் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் விடை கிடைக்காது, ஏனென்றால் அந்த இடத்தில் அதற்குப் பெரிதாகப் பொருளே கிடையாது. 'மிஸ்டேக்' எந்த வினையோடு வரும் என்று கேட்டால் ஒரே விடைதான்.

சரி, 'டிசைட்' என்ற ஒற்றைச் சொல் இருக்கும்போது 'மேக் எ டெசிஷன்' என்று எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? அதில் மூன்று லாபம் இருக்கிறது.

1. பெயரடையைத் தொங்கவிட இடம் கிடைக்கிறது. 'ஷீ டுக் எ லாங், ஹாட் பாத்' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். குளிப்பதைக் குறிக்கும் வினையான 'பேத்'தோடு இந்த 'ஹாட்'டைச் சேர்க்க வழியே இல்லை. 'ஹாட்லி' என்று வினையடை ஆக்கினால் சிரிப்பார்கள். பெயர்ச்சொல் வந்துவிட்டால் எத்தனை பெயரடை வேண்டுமானாலும் வரிசையாகச் சேர்க்கலாம்: ஹேஸ்டி டெசிஷன், டஃப் டெசிஷன், ராங் டெசிஷன்.

2. எண்ண முடிகிறது. 'மேட் த்ரீ அட்டெம்ப்ட்ஸ்' என்றால் மூன்று முயற்சி, கணக்கு துல்லியம்.

3. செயலுக்கு ஓர் எல்லை கிடைக்கிறது. 'ஐ வாக்ட்' என்றால் நடந்தேன், அவ்வளவுதான். 'ஐ டுக் எ வாக்' என்றால் சும்மா கொஞ்ச நேரம் காலாற நடந்துவிட்டு வந்தேன். பஸ் கிடைக்காமல் ஆபீசுக்கு வேகுவேகென்று நடந்தவர் இரண்டாவதைச் சொல்லமாட்டார்.

இந்த மூன்றாவது விஷயத்தை ஆன்னா வியெர்ஸ்பிட்ஸ்கா என்ற மொழியியலாளர் 1982ல் ஒரு கேள்வியாகவே எழுப்பினார்: 'ஹேவ் எ டிரிங்க்' என்று சொல்கிறோமே, 'ஹேவ் அன் ஈட்' என்று ஏன் சொல்வதில்லை? கேலிக் கேள்வி மாதிரி தெரிந்தாலும் அவர் காட்டிய விடை உருப்படியானது. இந்த 'ஹேவ் எ' அமைப்பு, கொஞ்ச நேரம், தன் சுகத்துக்காக, பெரிய விளைவு எதையும் எதிர்பார்க்காமல் செய்யும் காரியங்களுக்கானது. ஒரு வாய் குடிக்கலாம், எட்டிப் பார்க்கலாம், கொஞ்சம் அரட்டை அடிக்கலாம்: ஹேவ் எ டிரிங்க், ஹேவ் எ லுக், ஹேவ் எ சாட். சாப்பாட்டில் ஒரு கடி மட்டும் என்றால் 'ஹேவ் எ பைட்' வந்துவிடுகிறது.

எந்தப் பெயருக்கு எந்த வினை?

'மேக்', 'டூ' இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை ஓரளவு கைகொடுக்கும். காரியம் முடிந்தபின் புதிதாக ஏதாவது உண்டாகியிருக்கிறதா? முடிவு உண்டாகிறது, வாக்குறுதி உண்டாகிறது, சத்தம் உண்டாகிறது, பிழை உண்டாகிறது. அதனால் மேக் எ டெசிஷன், மேக் எ ப்ராமிஸ், மேக் எ நாய்ஸ், மேக் எ மிஸ்டேக். ஏற்கெனவே இருக்கும் வேலையைச் செய்து முடிப்பது மட்டும்தான் என்றால் 'டூ': டூ தி டிஷஸ், டூ தி ஷாப்பிங், டூ ஹோம்வொர்க்.

சோதனை தோற்கும் இடங்களும் உண்டு. சேதம் புதிதாக உண்டாவதுதான், ஆனால் 'டூ டேமேஜ்'. 'மேக் தி பெட்' என்றால் தச்சர் கட்டில் செய்வது இல்லை, தூங்கி எழுந்தவர் விரிப்பைச் சரிசெய்வது. இப்படிப்பட்டவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். பட்டியல் அவ்வளவு நீளம் இல்லை.

'ஹேவ்', 'டேக்' விஷயம் வேறு மாதிரி. இங்கே பொருள் வேறுபாட்டைவிட நாட்டு வேறுபாடு பெரிது. பிரிட்டனில் 'ஹேவ் எ பாத்', 'ஹேவ் எ ஷவர்' என்பார்கள், அமெரிக்காவில் 'டேக்'. 'முடிவு எடு' என்பதைப் பார்த்து 'டேக் எ டெசிஷன்' என்று எழுதும் மாணவனின் நோட்டில் சிவப்பு மை விழுவது உண்டு. அது அநியாயம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'டேக் எ டெசிஷன்' சாதாரணமாகப் புழங்குவதுதான். அமெரிக்கர்கள்தான் அநேகமாக 'மேக்' என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

'கிவ்' எதிராளியிடம் போய்ச் சேருவதற்கு: பேச்சு, அறிவுரை, பதில், ஒரு புன்னகை, பின்னாலிருந்து ஒரு தள்ளு. 'பே' பணத்தைத் தாண்டியும் வருகிறது: பே அட்டென்ஷன், பே எ விசிட், பே எ காம்ப்ளிமென்ட், பே ரெஸ்பெக்ட்ஸ். கவனம், வருகை, பாராட்டு, அஞ்சலி என்று எல்லாமே இன்னொருவருக்குச் செலுத்த வேண்டியவை என்ற எண்ணம் அதற்குள் ஓடுகிறது. அஞ்சலி செலுத்துவது என்று தமிழிலும் அதே வினைதான்.

'போடு' செய்யும் கலாட்டா

தமிழர்கள் செய்யும் பிழைகள் கண்டபடி வருவதில்லை. தமிழில் அந்தப் பெயரோடு வரும் வினை எதுவோ, அதை அப்படியே ஆங்கிலமாக்குவதால் வருகின்றன. எடையில்லாத வினை நம்மிடமும் ஏராளம், அதில் பெரிய தலை 'போடு'. ஒரு நாளில் நாம் எதையெல்லாம் போடுகிறோம் என்று பார்த்தால்:

டீ போடுகிறோம்: ஆங்கிலத்தில் 'மேக்'. 
மாத்திரை போடுகிறோம்: 'டேக்'. 
நர்ஸ் ஊசி போடுகிறார்: 'கிவ்'. 
லைட்டைப் போடுகிறோம்: 'ஸ்விட்ச் ஆன்' அல்லது 'டர்ன் ஆன்'. 
ஆபீசில் லீவு போடுகிறோம்: 'டேக்', விண்ணப்பிப்பதைச் சொல்வதானால் 'அப்ளை ஃபார்'. 
சண்டை போடுகிறோம்: 'ஹேவ் எ ஃபைட்', வம்புக்கு இழுத்தால் 'பிக் எ ஃபைட்'. 
கையெழுத்துப் போடுகிறோம்: 'சைன்' என்ற ஒற்றை வினையே போதும்.

ஒரே 'போடு'வுக்கு அங்கே இத்தனை வினை. கடைசி வரியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். 'புட் யுவர் சைன்' என்று வங்கி கவுன்ட்டரிலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் தினமும் கேட்கலாம். கையெழுத்து என்ற பொருளில் 'சைன்' பெயர்ச்சொல்லே இல்லை, 'சிக்னேச்சர்'தான் பெயர். 'புட் யுவர் சிக்னேச்சர் ஹியர்' என்றால் சரியாகிவிடும். ஆக, பழியை 'புட்' மேல் போட முடியாது, பெயர்ச்சொல்தான் தவறு.

பரீட்சை விஷயம் இதைவிட சுவாரசியம். நாம் பரீட்சை எழுதுகிறோம், அதனால் 'ரைட் தி எக்ஸாம்'. இந்திக்காரர்களுக்குப் பரீட்சை என்பது 'கொடுப்பது', அதனால் அவர்கள் ஆங்கிலத்தில் 'கிவ் தி எக்ஸாம்'. பிரிட்டனில் 'சிட்' அல்லது 'டேக்', அமெரிக்காவில் 'டேக்'. அங்கே 'கிவ்' என்றால் கேள்வித்தாள் கொடுக்கும் ஆசிரியரின் வேலை, அதனால் வடநாட்டு மாணவர் சொல்வது அவர்களுக்குத் தலைகீழாகக் கேட்கும். நம்முடைய 'ரைட்' தமிழ்ப் பிழை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'ரைட் அன் எக்ஸாம்' என்கிறார்கள்.

அடுத்தது 'வா'. எனக்குக் கோபம் வந்தது, தூக்கம் வருகிறது, சந்தேகம் வந்தது. தமிழில் உணர்ச்சி எங்கிருந்தோ வந்து நம்மைப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ஆள்தான் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுகிறார்: 'ஐ காட் ஆங்ரி', 'ஐ ஃபீல் ஸ்லீப்பி'. கோபம் இங்கே பெயர்ச்சொல், அங்கே பெயரடை. 'ஆங்கர் கேம் டு மீ' என்பது விசித்திரமாகக் கேட்பதற்கு இதுதான் காரணம். வினையை மட்டும் மாற்றிப் பயனில்லை, வாக்கியத்தின் அச்சையே மாற்ற வேண்டும்.

பெயரடையோடு சேரும்போது: 'கோ', 'கம்', மற்றவை

ஒன்று இன்னொன்றாக மாறுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் பொதுவான வினைகள் இரண்டு. எழுத்துக்கு 'பிகம்', பேச்சுக்கு 'கெட்'. பிகம் ஃபேமஸ், கெட் டயர்ட், கெட் வெட். சந்தேகமாக இருந்தால் இவற்றில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகலாம், பெரும்பாலும் குடி முழுகிவிடாது. ஆனால் தாய்மொழிக்காரர்கள் இவற்றோடு நிற்பதில்லை. 'கோ', 'கம்', 'டர்ன்', 'க்ரோ', 'ஃபால்', 'ரன்' என்று அசைவைக் குறிக்கும் வினைகளை எல்லாம் மாற்றத்தைக் குறிக்க இழுத்துவந்துவிடுகிறார்கள்.

'கோ'வோடு வருபவற்றைப் பாருங்கள்: கோ பேட், கோ ஸ்டேல், கோ ராட்டன், கோ மேட், கோ பிளைண்ட், கோ டெஃப், கோ பால்ட், கோ பேங்க்ரப்ட், கோ மிஸ்ஸிங். கெட்டுப்போவது, ஊசிப்போவது, அழுகிப்போவது, பைத்தியமாவது, பார்வை போவது, காது கேட்காமல் போவது, வழுக்கையாவது, திவாலாவது, காணாமல் போவது. ஒன்றுகூட நல்ல சேதி இல்லை. பணக்காரர் ஆனால் 'கோ ரிச்' கிடையாது, 'கெட் ரிச்'. உடம்பு தேறினால் 'கெட் வெல்'. எதிர்ப்பக்கம் 'கம்' வருகிறது: கனவு பலித்தால் 'கம் ட்ரூ', உயிர்த்துடிப்பு வந்தால் 'கம் அலைவ்'.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. 1974ல் ஈவ் கிளார்க் என்ற மொழியியலாளர் எழுதியது: பேசுபவர் தன்னை இயல்பு நிலையில் நிறுத்திக்கொள்கிறார். அந்த நிலையை நோக்கி வருவது 'கம்', அதைவிட்டு விலகிப் போவது 'கோ'. மூளை கலங்கினால் இயல்பை விட்டுப் போகிறோம், மயக்கம் தெளிந்தால் திரும்ப வருகிறோம்.

மேலே தமிழில் எழுதும்போது எத்தனை 'போ' விழுந்தது என்று கவனித்தீர்களா? பால் திரிந்துபோனது, சட்டி உடைந்துபோனது, சாவி தொலைந்துபோனது, குழந்தை பயந்துபோனது. 'உயிர் போய் உயிர் வந்தது' என்பதில் 'போ', 'வா' இரண்டுமே கிளார்க் சொன்ன திசையில்தான் நிற்கின்றன. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் குடும்ப உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் கேட்டை 'போவதாக' இரண்டு மொழிகளும் பார்க்கின்றன. 'கோ பேட்' தமிழருக்குச் சுலபமாக வர வேண்டிய ஒன்று. பள்ளிக்கூடத்தில் 'பிகம்' மட்டும் பழக்கப்பட்டுவிட்டதால்தான் 'தி மில்க் பிகேம் ஸ்பாயில்ட்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

விதிக்கு ஓட்டைகளும் உண்டு. முடிச்சு அவிழ்ந்தால் 'கம் லூஸ்', 'கம் அன்டன்'. அது நல்ல காரியம் இல்லை, ஆனாலும் 'கம்'. ஒட்டியிருந்தது கழன்று 'வருகிறது' என்ற நேரடி அசைவு அங்கே ஓடுகிறது. 'கோ வைரல்', 'கோ லைவ்', 'கோ டிஜிட்டல்' என்று செய்திகளில் வருபவை கெட்டதும் இல்லை. புதிய ஒரு முறைக்கு மாறிவிடுவதைக் குறிக்கும் வழக்கு அது.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம்:

1. டர்ன்: நிறம், வானிலை, வயது. டர்ன் ரெட், டர்ன் கோல்ட், டர்ன் ஃபார்ட்டி. பளிச்சென்று தெரியும் மாற்றம்.

2. க்ரோ: மெதுவாக வருவது. க்ரோ ஓல்ட், க்ரோ இம்பேஷன்ட். கொஞ்சம் எழுத்து வாடை அடிக்கும்.

3. ஃபால்: நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் விழுவது. ஃபால் இல், ஃபால் அஸ்லீப், ஃபால் சைலன்ட். தமிழில் நோயில் 'விழுகிறோம்', தூக்கத்தில் மட்டும் 'ஆழ்ந்துவிடுகிறோம்'.

4. ரன்: கையிருப்பு தீர்வது. கிணறு வற்றினால் 'ரன் டிரை', சரக்கு குறைந்தால் 'ரன் லோ', 'ரன் ஷார்ட்'.

ஒட்டிக்கொள்ளும் வாடை

ஒரு வினை எப்போதும் கெட்ட சொற்களோடே திரிந்தால் அதன் மேலும் அந்த வாடை ஏறிவிடுகிறது. 1980களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் பெரும் அளவு ஆங்கில எழுத்தைக் கணினியில் ஏற்றி, எந்தச் சொல் எதோடு வருகிறது என்று தேடிப் பார்க்கத் தொடங்கினார்கள். இந்த வகை ஆய்வில் தெரியவந்த ஒன்று: 'காஸ்' என்ற வினைக்கு அகராதியில் 'உண்டாக்கு' என்று நடுநிலையான பொருள்தான், ஆனால் நடைமுறையில் அதன் பின்னால் வருவது பிரச்சினை, சேதம், நோய், சாவு. அதனால் 'காஸ் ஹேப்பினஸ்' என்றால் மகிழ்ச்சியை ஏதோ தொற்று மாதிரி பரப்புவதாகக் கேட்கும். 'ப்ரிங் ஹேப்பினஸ்' என்பதே வழக்கம். தமிழில் தீங்கு விளைகிறது, நன்மை பயக்கிறது. இடம் மாற்றிப் போட்டால் நமக்கே உறுத்தும்.

'கமிட்' அதைவிடக் கடுமை. குற்றம், கொலை, பாவம் ஆகியவைதான் அதன் கூட்டாளிகள். ஆங்கிலச் செய்திகளில் 'கமிட் சூசைட்' குறைந்து 'டை பை சூசைட்' வருவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். இங்கிலாந்தில் 1961ல் சட்டம் மாறும்வரை தற்கொலை குற்றமாகவே இருந்தது. சட்டம் போனபின்னும் வினை போகவில்லை, இறந்தவரைக் குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்திக்கொண்டே இருந்தது. ஊடகங்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் இதைத் தவிர்க்கச் சொல்கிறது. தமிழில் 'செய்துகொண்டார்' என்ற வினைக்கு அந்தக் குற்ற வாடை இல்லை. இங்கே சிக்கல் பெயர்ச்சொல்லிலேயே, 'கொலை'யில் இருக்கிறது. ஆங்கிலத் திருத்தத்தைப் பார்த்து வினையை மட்டும் மாற்றும் தமிழ்ப் பத்திரிகைகள் தவறான முனையைப் பிடித்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. 'உயிரை மாய்த்துக்கொண்டார்' என்ற பழைய வழக்கு இதைவிட நேராகவே காரியத்தை முடித்துவிடுகிறது.

அகராதியில் எங்கே தேடுவது?

பெயர்ச்சொல்தான் வினையைத் தேர்ந்தெடுக்கிறது என்றால், தேட வேண்டிய இடமும் பெயர்ச்சொல்தான். 'மேக்' என்ற பதிவு நல்ல ஆங்கில அகராதியில் பக்கம் பக்கமாக ஓடும், அதில் மூழ்கினால் கரை சேர முடியாது. 'மிஸ்டேக்' என்று தேடினால் சில வரிகளிலேயே 'மேக்' வந்துவிடும். சொற்சேர்க்கைக்கென்றே வரும் அகராதிகளும் பெயர்ச்சொல்லின் கீழ்தான் வினைகளை அடுக்கிவைக்கின்றன. நோட்டில் எழுதி வைப்பவர்களும் தலைப்பில் பெயரையும் அடியில் வினைகளையும் எழுதுவது நல்லது.

அப்படி எழுதும்போது வினை மாறினால் பொருள் எங்கே மாறுகிறது என்பதும் சேர்ந்தே தெரியும். 'அட்டென்ஷன்' என்று தலைப்பிட்டால் கீழே வருவது: 'பே' என்றால் நான் கவனிக்கிறேன். 'டிரா' என்றால் மற்றவர்கள் கவனத்தை ஒன்றின் பக்கம் இழுக்கிறேன். 'அட்ராக்ட்' என்றால் எல்லோரும் தாமாகவே திரும்பிப் பார்க்கிறார்கள். 'டைவர்ட்' என்றால் பார்க்க வேண்டியதைப் பார்க்கவிடாமல் கவனத்தைத் திருப்பிவிடுகிறேன், அரசியல் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான். கூட இருக்கும் பெயர்ச்சொல் நான்கிலும் ஒன்றே.